ஈறு நிறம்

முன்பு இங்கே திராட்சை மது விற்றார்கள்.
விட்டுப்போனது ஒரு நீண்ட கண்ணாடி அலமாரி,
தரையில் கோப்பை வட்டங்கள்,
நான்கு சுவரிலும் மங்கிய சிவப்பு:
பழைய செங்கல்லை நனைத்து
நிழலில் காயவைத்த நிறம்.

பல் மருத்துவர் ப்ரெடா கோஸ்மாச்
சாவியைச் சுழற்றியபடி கேட்டார்:
"இதை மூட எத்தனை பூச்சு, வின்கோ?"
ப்ரைமர் மூன்று, மேலே இரண்டு என்றேன்.
தொகையைச் சொன்னதும்
சொத்தைப் பல்லில் குளிர்நீர் பட்டதுபோல்
அவர் முகம் சுருங்கி விரிந்தது.
"சுவர் இருக்கட்டும். மற்றதை மாற்று."

இருபத்தாறு வருடமாக மரிபோரில் சுவர் பூசுகிறேன்.
இந்தச் சிவப்புக்குச் சொந்தப் பேச்சு கிடையாது.
பக்கத்தில் யார் வந்து உட்கார்கிறார்களோ
அவர்கள் பேச்சையே பேசும்.

முதலில் வெள்ளை.
கதவு, சன்னல், சுவரடிப் பலகை
எல்லாம் பளீர் வெள்ளை, முகம் பார்க்கும் எனாமல்.
மாலையில் உதவியாளர் நெஷா விளக்கைப் போட்டாள்.
சிரித்தாள்.
பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.
கீழே வரிசையாய் வெள்ளை,
மேலே ஈரமாய்ச் சிவப்பு.
நாங்கள் மூவரும்
ஒரு வாய்க்குள் நின்றிருந்தோம்.

உப்புத்தாள் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன்.

அட்டைகளில் பூசிச் சாய்த்துவைத்துப் பார்த்தோம்.
புதினாப் பச்சை: அறுவை அறை.
நீலம்: சன்னலில் இன்னும் வெள்ளை மிச்சமிருந்ததால்
நாட்டுக் கொடி ஆகிவிட்டது.
"வரி கட்ட வந்தமாதிரி இருக்கிறது" என்றாள் நெஷா.
கறுப்பு அட்டையை நான் வைத்ததும்
மருத்துவர் எடுத்துக் கவிழ்த்தார்.
அந்தத் தொழிலில் கறுப்புக்கு
ஒரே ஓர் அர்த்தம்தான்.

மதியம்.
சாரக்கட்டையின் பலகையில் அவரைக்காய் சாலட்,
பரங்கி விதை எண்ணெய் ஊற்றியது,
எங்கள் ஊர் எண்ணெய்.
குப்பியில் பார்த்தால் கருஞ்சிவப்பு,
தட்டில் பரவினால் பாசிப் பச்சை.
என் முள்கரண்டியிலிருந்து ஒரு சொட்டு
சிவப்பு மாதிரி அட்டையில் விழுந்தது.
நடுவில் இருட்டு, ஓரத்தில் பச்சை.
அத்தனை நாள் நின்றுகொண்டே இருந்த சிவப்பு
முதல்முறையாக உட்கார்ந்தது.

ஒருவரும் பேசவில்லை.
மருத்துவர் ரொட்டியால் தொட்டு
வாயில் போட்டுக்கொண்டார்.
"இதுதான்."

கதவுகளுக்கு அந்தப் பச்சை; பளபளப்பு வேண்டாம்,
முட்டை ஓட்டின் மினுக்கம் போதும்.
கூரைக்கு மோரில் ஒரு சொட்டு காபி.
ஓக் பெஞ்சுக்கு வார்னிஷ் இல்லை, எண்ணெய் மட்டும்,
பிடித்து உட்காருகிற கைகள் வழுக்கக்கூடாது.
பித்தளைப் பிடிகளைத் துலக்காதீர்கள் என்று
துப்புரவுக்காரருக்குச் சீட்டு எழுதி ஒட்டினேன்.
சுவரில், காத்திருப்பவர் தலை சாயும் உயரத்தில் மட்டும்
கண்ணுக்குத் தெரியாத மெழுகு, ஒரு முழ அகலம்.
அச்சமும் எண்ணெய்ப்பசை உள்ளது;
கறை விடும்.

நவம்பரில் என் கடைவாய்ப் பல் விழித்துக்கொண்டது.
கன்னம் வீங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
எதிரே லூத்விக் என்றொரு டிராக்டர்காரர்
வாய் திறந்தபடி தூங்கிப்போய்
தன் முறையைத் தவறவிட்டிருந்தார்.
எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.
வெளியே த்ராவா ஆறு சாம்பல் நிறம்,
உள்ளே எல்லாம் எல்லாவற்றோடும் சமாதானம்.

அப்போதுதான் கண்டேன்.
ரேடியேட்டருக்குப் பின்னால், தூரிகை எட்டாத மூலையில்
விரல்கடை அகலம்
பழைய எனாமல்.
பளீரென்று.
ஒற்றைப் பல்.

அதையே பார்த்தேன்.
நாக்கு தானாகப் போய்
என் கடைவாயைத் தொட்டது.

"வின்கோ, உள்ளே வாருங்கள்" என்றாள் நெஷா.

நாற்காலி பின்னால் சாய்ந்தது, விளக்கு இறங்கியது.
முகமூடிக்கு மேலே மருத்துவரின் கண்கள்.
"எங்கே வலிக்கிறது?"

ரேடியேட்டருக்குப் பின்னால்,
என்றேன்.